துரு, இடது பின்சக்கர வளைவில்

பிப்ரவரி. டுலூத் ஏரி
கரையோரம் இறுகிக் கிடக்கிறது.
ஹௌக்கலா மோட்டார்ஸ் வாசலில்
காற்றடைத்த ஊதா பொம்மை மனிதன்
யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டு மடிகிறான்.
நிறுத்திவிடலாமா என்றார் முதலாளி ஓரின்.
"இனி வரப்போகிறவருக்குக் கண்ணே கிடையாதாமே?"

அப்படித்தான் சொன்னார்கள் கூட்டத்தில்.
வண்டி வாங்குகிறவர் இனி நம்மைத் தேடமாட்டார்,
அவருடைய உதவியாளர் தேடும்.
காபி கொடுத்து அதை உட்கார வைக்க முடியாது.
ஒரு நிமிஷத்தில் நாற்பது கடை ஏறி இறங்கும்.
எழுதி வைத்தது தெளிவாக இல்லையென்றால்
நாம் இருப்பதே அதற்குத் தெரியாது.

பத்தொன்பது வருஷமாக இந்தக் கடைக்கு
விளம்பரம் எழுதுகிறவள் நான், மார்லிஸ் ட்வெய்ட்.
"பனியே, வழி விடு!" என்னுடையது.
"இந்த வாரம் மட்டும்!" என்னுடையது.
அந்த வாரம் ஏழு வருஷம் ஓடியது.
ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் முடிக்கலாம் என்றால்
ஒரு பழைய வேனைத் தள்ளிவிட
எத்தனை ஆச்சரியக்குறி வேண்டும்?
நேற்றுதான் எண்ணிப் பார்த்தேன்.
நானூற்றுப் பதினொன்று.
ஒவ்வொன்றாக அழித்தேன், மதியம் வரை.

அழித்தபின் மிஞ்சியது
நிறம், மைல், வருஷம்.
இவ்வளவுதானா நான்?

டார்ச் எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன்.
முழங்கால் பனியில் மண்டியிட்டு
சக்கரத்துக்கு மேலே விரலால் தடவினேன்.
சாலை உப்பு தின்ற இடம் பிஸ்கட் போல உதிர்ந்தது.
எழுதினேன்:
துரு, இடது பின்சக்கர வளைவில், உள்ளங்கை அகலம்.
விற்பனை மேஜையிலிருந்து டுவேன் எட்டிப் பார்த்தான்.
"நீ விற்கிறாயா,
வாக்குமூலம் கொடுக்கிறாயா?"

அடியில் எறும்பு எழுத்தில் ஒளிந்திருந்த
ஆவணக் கட்டணத்தைத் தூக்கி
விலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.
ஓரின் ஒன்றும் பேசவில்லை.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் தர்ஸ்டன் கடை
இன்னும் பழைய பொய்யைத்தான் எழுதுகிறது.
இந்த வாரம் நான்கு வண்டி விற்றிருக்கிறான்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரவு இரண்டே முக்காலுக்கு முதல் கேள்வி வந்தது.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
பின் இருக்கை சூடாகுமா?
இதுதான் முழு விலையா?
எஞ்சின் சூடேற்றி வேலை செய்கிறதா?
செய்கிறது என்று போட்டிருந்தேன். பார்த்ததில்லை.
விடிந்ததும் போய்ப் பார்த்தேன், மைனஸ் இருபத்தாறில்.
வயரை அணில் கடித்திருந்தது.
அணில் கடித்தது, மாற்றித் தருவோம் என்று எழுதினேன்.
என் வாழ்க்கையில் எழுதியவற்றில்
எனக்கே பிடித்த வாக்கியம் அது.

சனிக்கிழமை ரெனே டிஃபோ வந்தாள்,
ஆஸ்பத்திரி இரவு ஷிப்ட் முடிந்த கண்ணோடு.
டுவேன் விலையைத் தொடங்க, அவள் முடித்தாள்.
துருவைக் கூடக் குனிந்து பார்க்கவில்லை.
மகளுடைய ஹாக்கிப் பையை,
கோல்கீப்பர் பையாம், ஒரு கன்றுக்குட்டி கனம்,
பின்கதவைத் திறந்து தள்ளினாள்.
நீளவாக்கில் போகவில்லை.
குறுக்காகப் போட்டாள், போனது.
பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.
கண்ணாடிக்கு அப்பால் அவள் மூச்சு மட்டும் புகைந்தது.

இறங்கியதும் கேட்டாள்,
"நாய் வைத்திருந்தார்களா?"
டுவேன் என்னைப் பார்த்தான்.
நான் முகர்ந்ததே இல்லை.
"யோசித்துச் சொல்கிறேன்" என்று
பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூடும் நேரத்தில் ஸ்விட்சை அணைத்தேன்.
ஊதா மனிதன் பனிமேல் துணியாகக் கிடந்தான்.
உள்ளே வந்து இரண்டு வரி சேர்த்தேன்:
கோல்கீப்பர் பை குறுக்காக வைத்தால் கொள்ளும்.
கிழட்டு நாய் வாசனை,
ஜன்னல் திறந்தால் கொஞ்சம் குறையும்.

இப்போது மணி ஒன்றே கால்.
தூக்கம் வராமல் போனைத் திறந்தால்
ஒரே ஒரு கேள்வி வந்திருக்கிறது.
கேட்டது மனுஷியா, மனுஷியின் இயந்திரமா,
தெரியவில்லை.

என்ன நாய்?